டைகருக்குப் பார்த்த வைத்தியம்

"என் தொந்தியைப் பத்திப் பேசினா அன்னைக்கே டாக்டரை மாத்திருவேன்!" என்று உறுமினார் மில் முதலாளி சென்னியப்பன். ஏற்கெனவே இரண்டு பேரை மாற்றியவர். சர்க்கரையோ ஏறிக்கொண்டே இருந்தது.

புதிதாக வந்த குடும்ப டாக்டர் பூங்கோதை லேசுப்பட்டவரா? முதலாளியின் காலடியில் மூச்சு வாங்கிக் கிடந்த நாயைப் பார்த்தார்.

"உங்களைப் பேசலைங்க. டைகர்தான் ரொம்பக் குண்டாயிட்டான். தினமும் ஒரு மணி நேரம் நீங்களே நடத்திக் கூட்டிட்டுப் போகணுங்க. அவன் எதிர்ல நெய்யும் கறியும் சாப்பிடாதீங்க, ஏங்கிருவான்."

டைகருக்காக எதையும் செய்வார் முதலாளி. மூன்று மாதம் கழித்து, நழுவும் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி ஓடி வந்தார்.

"டைகர் இளைச்சுட்டான்! நாய்க்குக்கூட அருமையா வைத்தியம் பார்க்கறீங்களே!"

"வேட்டியை இறுக்கிக் கட்டுங்க" என்றார் பூங்கோதை. "நாய் வைத்தியம் எனக்குத் தெரியாதுங்க. நான் உங்களுக்குத்தான் டாக்டர்."