தனேஸ்வர் ரயிலில் இறங்கும் காட்சி

இயக்குநர் தணிகைவேலும் அவர் கூட்டமும் சொன்னதைச் சொன்னபடி செய்வதில் சூரர்கள். அதற்கு மேல் யோசிக்கச் சொன்னால்தான் தலை சுற்றும்.

அவர்கள் எடுத்த சீரியலில் வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவன் எப்போதும் முகத்தில் கரியோடு, வாயில் பான் குதப்பிக்கொண்டு திரிவான். சேனல் மேனேஜர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். இனி வடக்கேயிருந்து வருபவர்களை உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமையோடு சீரியலுக்கு மூடுவிழா என்று சொல்லிவிட்டார்.

அசல் ஆளே வேண்டும் என்று திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஒடிசாக்காரர் தனேஸ்வரைச் சென்னைக்கு அழைத்து வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவர், "வணக்கமுங்க, சாப்புட்டீங்ளா?" என்றார். கூட்டத்துக்கு முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் கன்னத்தில் கொஞ்சம் கரி பூசிப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

முதல் காட்சி, அவர் ரயிலிலிருந்து இறங்குவது. கேமராக்காரர் மகிமைதாஸ் கேமராவைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இவரு திருப்பூர்லேர்ந்துல்ல வந்திருக்காரு. ஒடிசாலேர்ந்து வந்தாத்தானே உள்ளது?"

"அதுக்கு என்ன பண்றது?"

"மொதல்ல அங்க கொண்டுபோய் விடுவோம். அப்புறம் வரச் சொல்வோம்."

அம்மாவைப் பார்த்து இரண்டு வருடமாகியிருந்த தனேஸ்வர், இந்த யோசனையைக் கேட்டதும் முதல் ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டார்.

அங்கே அவர் ரயில் ஏறுவதையும் உள்ளபடி எடுக்க வேண்டுமே என்று மொத்தக் கூட்டமும் கூடவே போனது. ஊர் ஸ்டேஷனில் அம்மா மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். தணிகைவேலும் சேர்ந்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, சரி வண்டி ஏறுங்கள் என்றார்.

"ஊருக்கு வந்தவன் பத்து நாள் இருந்துட்டுத்தானுங்க கெளம்புவான். அதுதானுங்க உள்ளது," என்றார் தனேஸ்வர்.

பெட்டி படுக்கையோடு எல்லாரும் பிளாட்பாரத்தில் விழித்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊர் சீரியல்காரர்கள் அங்கேதான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பிழைப்பு தேடி வந்த மதராஸி ஒருவன் தேவைப்பட்டான். தணிகைவேலைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப்போனார்கள். நெற்றி முழுக்கப் பட்டை போட்டு, இரண்டு கையிலும் இட்லியைக் கொடுத்து, வார்த்தைக்கு வார்த்தை 'ஐயய்யோ' சொல்லச் சொன்னார்கள். தனேஸ்வர்தான் மொழிபெயர்த்தார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் போனில் அலறினார். மகிமைதாஸ் போனைக் காதில் பிடிக்க, தணிகைவேல் இட்லியைக் கீழே வைக்காமல் பணிவாகப் பேசினார்.

"கொஞ்சம் பொறுங்க சார். ஆறு டேக் ஆயிடுச்சு. எனக்கு இன்னும் என்னை மாதிரி வரலையாம்."