மாரப்பன் கேட்ட சான்றிதழ்

ஈரோட்டில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு டயர்க் கடையின் மாடியில், பரிமளா என்கிற முப்பத்து நான்கு வயதுப் பெண் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே நாள் முழுக்கக் காற்றடிக்கிற மெஷின் சத்தம். எதிரே ஹாரன் சத்தம். அமைதியான இடமாகப் பார்த்துப் போகக் கூடாதா என்று கேட்டவர்களிடம், "அமைதியான இடத்துல நான் எதுக்குங்க?" என்பாள்.

அவளிடம் வந்தவர்களில் வயதில் மூத்தவன் மாரப்பன். நாற்பத்தெட்டு. சத்தியமங்கலம் தடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தனியார் பேருந்து ஓட்டியவன். அவன் விரும்பி வரவில்லை.

சித்தோட்டில் ஒரு மொபட்காரர் குறுக்கே வந்தார் என்று வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, இறங்கிப் போய்க் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தான். அறை வாங்கியவர் தறி ஓட்டிப் பிழைக்கிறவர். காதில் ரத்தம் வந்துவிட்டது. கூட்டம் கூடி, போலீஸ் வந்து, பேசி முடித்தார்கள். அவருக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

முதலாளி மாரப்பனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்.

"நரம்பெல்லாம் முறுக்கேறிக் கெடக்குதுன்னு டாக்டரே சொல்றார். முப்பது நாள் அந்தப் பொண்ணுகிட்டப் போ. இனிமே உனக்குக் கோவம் வராதுன்னு எழுதி வாங்கிட்டு வா. அப்புறம் வண்டியத் தொடலாம்."

முப்பது நாளும் வந்தான். நாலு எண்ணி மூச்சை இழுத்தான், ஆறு எண்ணி விட்டான். முப்பதாம் நாள், மற்றவர்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு இறங்கிப் போன பிறகு அவன் மட்டும் நின்றான்.

"டீச்சர், லெட்டர்."

"உக்காருங்கண்ணா. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவ சொல்லுங்க."

"அதான் தெரியுமே. குறுக்க வந்தான்."

"அப்புறம்?"

"கை தானாப் போயிருச்சு."

பரிமளா தன் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் பத்து நாள் வாங்க."

"எதுக்கு?"

"மொதல் நாள் வந்தப்பவும் இதேதான் சொன்னீங்க."

மாரப்பனுக்குப் பிடரியில் சூடு ஏறியது. தாடை இறுகியது. முப்பது நாள் எண்ணிய எண்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"பாய் மேல உக்காந்துக்கிட்டு மூச்சு விடுங்க மூச்சு விடுங்கன்னு சொல்றது சுலபம் டீச்சர். ஒரு நாள் என் சீட்டுல உக்காந்து பாருங்க. பின்னாடி வண்டிக்காரன் நாலு நிமிஷத்துல வர்றான். கவுந்தப்பாடியில ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா அவன் ஆள் வெச்சுச் சண்டைக்கு வர்றான். முதலாளி போன் மேல போன் அடிக்கிறார். எடுத்தா போலீஸ் புடிக்கும், எடுக்கலைன்னா அவர் திட்டுவார். ஒண்ணுக்குப் போக நேரமில்ல. பதினாலு மணி நேரம். அதுல எங்க போயி நாலும் ஆறும் எண்றது? கோவம் வராதுன்னு நான் எழுதி வாங்கிட்டுப் போகோணும். ஒரு நடைக்கு உண்டான நேரத்தக் கூட்டித் தர்றேன்னு அவர் யாருக்காவது எழுதிக் குடுத்தாரா?"

"நீங்க சொல்றது சரிதான்," என்றாள் பரிமளா. "ஆனா லெட்டர் இன்னைக்கு இல்ல."

அவன் எழுந்தான். மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையை ஓர் உதை உதைத்தான். அது உடைந்து தண்ணீர் அறை முழுக்க ஓடியது. அவள் உட்கார்ந்திருந்த பாயும் நனைந்தது. அவள் பானைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வெறியை ஏற்றியது. இரண்டே எட்டில் வந்து கையை ஓங்கினான்.

பரிமளா குனியவில்லை. நகரவில்லை.

கை அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

கீழே மெஷின் ஓடி, ஓய்ந்தது.

மாரப்பன் கையை இறக்கினான். ஒரு பெண்ணின் மேல் ஓங்கியது அவனுக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்கவும் கோபம்தான் உதவியது.

"உங்களுக்கென்ன, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. உங்களுக்குக் கோவமே ஏறாது."

அவள் தன் கையை நீட்டினாள்.

"புடிச்சுப் பாருங்க."

தயங்கிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தான். வண்டியின் நிலைமையை உள்ளங்காலிலேயே தெரிந்துகொள்கிறவன் அவன். விரலுக்குக் கீழே அவள் நாடி, சுமையோடு திம்பம் மலை ஏறுகிற லாரியைப் போல முட்டிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா?"

"பயமும் இருக்குது. கோவம் அதவிட அதிகமா இருக்குது. உங்கள ஒரு அறை விடோணும்னு இருக்குது."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் கண் கலங்கிச் சிவந்திருந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"அப்புறம் ஏன் சும்மா இருக்கீங்க?"

"இது எறங்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். எறங்கட்டும்னு உக்காந்திருக்கறேன்."

அவனுக்குக் கையை விட்டுவிட வேண்டும்போல் இருந்தது. ஏனோ விடவில்லை. ஈரத்திலேயே எதிரே உட்கார்ந்தான். வெளியே ஒரு நடத்துநர் கோபி, சத்தி என்று கூவிக்கொண்டிருந்தார். ஹாரன்கள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு கத்தின. அவள் நாடி உடனே அடங்கவில்லை. ஒருமுறை தணிந்து, மறுபடி எகிறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. அது சமமாக ஓடத் தொடங்கியபோதுதான் தன்னுடைய மூச்சும் நீண்டிருப்பதை மாரப்பன் கவனித்தான். அதை யாரும் எண்ணியிருக்கவில்லை.

பரிமளா கையை விடுவித்துக்கொண்டாள். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதி, மடிக்காமல் கொடுத்தாள்.

'மாரப்பனுக்குக் கோபம் போகவில்லை. இனியும் வரும். அவர் வண்டிக்கு ஒவ்வொரு நடைக்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். பதினான்கு மணி நேர வேலையைக் குறையுங்கள்.'

இரண்டு முறை படித்தான்.

"இதக் கொண்டு போனா மூஞ்சியில கிழிச்சுப் போட்டுருவார்."

"கிழிக்கட்டும். பொய் எழுதித் தர மாட்டேன்."

"என் பொழப்பு போயிரும் டீச்சர்."

"காலையில நானும் வர்றேன். அவர் மேலயும் எனக்குக் கோவம் இருக்குது. நேர்லயே சொல்றேன்."

அவன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். படி வரைக்கும் போனவன் நின்றான்.

"அவர் நேரத்தக் கூட்டிக் குடுத்தாலும் குறுக்க வர்றவன் வந்துக்கிட்டுத்தான் இருப்பான். அன்னைக்கு மாதிரி கை தானாப் போச்சுன்னா நான் என்ன பண்றது?"

பரிமளா தரையில் குந்தி உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப உங்க கை என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுச்சே, அதுவும் தானாத்தான் நின்னுச்சுங்களாண்ணா?"