மரியாதை தெரியாத பெடல்

தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபம். இன்னிசைக் குழுவின் முதலாளி சங்கரபாண்டி அண்ணாச்சி மாலையும் கழுத்துமாக மேடையேறினார். அந்த நேரம் பார்த்துக் கிடார்க்காரி பிலோமினா பெடலை மிதித்துச் சோதித்தாள். மிதித்தால் கிடாரைப் பேசுவதுபோல் சத்தம் போட வைக்கும் பெடல் அது. "வா, வா, வா!" என்று கத்தியது. மண்டபமே சிரித்தது.

"ஏளா, முதலாளியப் பாத்தா 'வா'ங்குது? 'வாங்க'ன்னு மரியாதையாச் சொல்ல வை. இல்லன்னா இன்னையோட நீ குழுவுல கிடையாது!"

பிலோமினா அசரவில்லை. "அதுமேல குத்தமில்ல அண்ணாச்சி. எந்நேரமும் காலால மிதிச்சா மரியாதை எங்கேருந்து வரும்? உங்களமாதிரி பெரிய மனுஷர் ரெண்டு கையாலயும் மெதுவா அமுக்கினா இனிமையாப் பேசும்."

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார், முட்டி போட்டார், பெடலுக்கு நோகாமல் அமுக்கினார். அவள் கம்பியை மீட்டி, உள்ளங்கையால் சட்டென்று அடக்கினாள். "வாஆஆங்க்" என்று குழைந்தது கிடார். அப்படியொரு சத்தம் அதில் இதுவரை வந்ததே இல்லை.

"கேட்டியளா! 'வாங்க'ன்னுட்டு! இனி என்னைக்கும் நீதாம்ளா நம்ம கிடாரு!" என்று குனிந்தபடியே பூரித்தார் அண்ணாச்சி.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா பதறி எழுந்தார். "அண்ணாச்சி! அந்தப் பிள்ள கால்ல எதுக்கு விழுந்து கெடக்கிய?"

பிலோமினா வலது கையைத் தூக்கினாள்.

"நல்லா இருங்க அண்ணாச்சி!"