காற்றுக்கு முதுகு காட்டிய கரண்டிமூக்கு

கோடியக்கரைச் சேற்றுவெளியில் கரண்டிமூக்கு உள்ளான் என்ற பறவை ஒன்று இரை தேடிக்கொண்டிருந்தது. சிட்டுக்குருவி அளவு உடம்பு. அலகின் நுனி மட்டும் கரண்டிபோல் அகன்றிருக்கும். அதன் இனத்தில் அங்கே வேறு யாரும் இல்லை. உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறுதான் மிச்சம்.

பங்குனி பிறந்துவிட்டது. சீக்கிரமே அது வடக்கே பனிநாட்டுக்குப் பறக்க வேண்டும். அங்கேதான் அதன் ஜோடி வந்து சேரும், அங்கேதான் முட்டை. பொரித்த குஞ்சுகளைக் காப்பது அந்தக் குலத்தில் அப்பன் பாடு. உடம்பில் கொழுப்பு ஏறாமல் கிளம்பினால் நடுவழியிலேயே கதை முடிந்துவிடும். அதனால் அது தலை நிமிராமல் தின்றது.

கடல் ஏறிச் சேறு மூழ்கியதும் பறவைகள் எல்லாம் மணல்திட்டில் கூடும். எல்லாம் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். அப்போதுதான் இறகு கலையாது. கரண்டிமூக்கு மட்டும் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அதன் இறகெல்லாம் காற்றில் திருப்பிக்கொண்ட குடையாகிவிடும். மற்றவை விழுந்து விழுந்து சிரிக்கும்.

பக்கத்து முட்புதரில் ஒரு நரி இருந்தது. அது பின்பக்கமாகப் பதுங்கி வரும்போதெல்லாம் “கீச்!” என்று ஒரு குரல் கேட்கும். கூட்டம் எழும்பிவிடும். கத்தியது யார் என்று கூட்டம் ஒருநாளும் யோசித்ததில்லை. பட்டினி கிடந்த நரி யோசித்தது, கண்டும்பிடித்தது.

மறுநாள் அது வாய்க்காலுக்கு அப்பால் நின்று, கூட்டத்துத் தலைவி பவளக்காலியைக் கூப்பிட்டது. பவளக்காலிக்கு நெட்டைச் சிவப்புக் கால்கள், அதற்கேற்ற மிடுக்கு.

“பவளக்காலி அக்கா! கேமராவைத் தூக்கிக்கிட்டு மனுஷங்க வர்றாங்களே, யாரைப் பார்க்க?”

“அந்தக் கரண்டிமூக்கைத்தான்!”

“இன்னைக்குக் கேமரா. நாளைக்கு வலை! அவனை விரட்டிடுங்க, நிம்மதியா இருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்!”

நரி நல்லது சொன்னால் சந்தேகப்பட வேண்டாமா? பவளக்காலி படவில்லை. கூட்டமே சேர்ந்து கரண்டிமூக்கைக் கொத்தியது.

“எங்கேயாவது போ!”

“போக மாட்டேன்! இன்னும் பாதி உடம்புதான் தேறியிருக்கு. இப்பக் கிளம்பினா செத்துருவேன்!”

“இருக்கிறதே கொஞ்சம் பேரு. நீ ஒருத்தன் வடக்கே போய்ச் சேர்ந்து என்ன ஆகப்போகுது?”

“கொஞ்சம் பேரா இருக்கிறதாலதான் ஒவ்வொருத்தரும் போய்ச் சேரணும்!”

திட்டின் கடல் ஓரத்துக்கு, அலை காலை நனைக்கும் இடத்துக்கு, அதைத் தள்ளிவிட்டார்கள். அது அங்கேயே நின்றது. வலித்தது, அழுகையும் வந்தது. ஆனாலும் அந்தக் கரையை விட்டுப் போகவில்லை.

அன்று மத்தியானம் கடல் ஏறியது. காற்று கடலிலிருந்து வீசியது. கூட்டம் கடலைப் பார்த்துக் கண்ணயர்ந்தது. கரண்டிமூக்கு வழக்கம்போலக் கரையைப் பார்த்து நின்றது. பவளக்காலியின் இரண்டு சிவப்புக் கால்களுக்கு நடுவே, பின்னால், நரியின் முகம் தெரிந்தது!

“கீச்! நரி!”

பவளக்காலி ஒரு கண்ணைத் திறந்தது. “மறுபடியும் வம்புக்கு வந்துட்டியா? தூரப் போ!”

யாரும் அசையவில்லை. நரி பாயக் குனிந்தது. கரண்டிமூக்கு ஒரே வீச்சில் அந்தச் சிவப்புக் கால்களுக்கு நடுவே புகுந்து நரியின் மூக்கில் போய் மோதியது. நரி திடுக்கிட்டுக் கவ்வியது. அதன் வாயில் சிக்கியது இரண்டு வால் இறகு மட்டும்தான். அதற்குள் கூட்டம் மொத்தமும் வானத்தில் இருந்தது.

நரி போனதும் பவளக்காலி தலைகுனிந்து கேட்டது: “தினமும் கத்தினது நீதானா? ஏன் அப்படித் திரும்பி நிக்கிறே?”

“உங்களுக்கெல்லாம் பின்னால பார்க்க உங்க ஆளுங்க இருக்காங்கன்னு ஒரு தைரியம். எனக்கு யாரும் இல்லை. நானே பார்த்துக்கணும்.”

அதற்குமேல் யாரும் அதைக் கொத்தவில்லை. நல்ல சேறு அதற்கே விடப்பட்டது. உடம்பு தேறியதும் அது வடக்கே பறந்தது.

ஐப்பசியில் திரும்பி வந்தபோது அதன் வாலில் புது இறகு முளைத்திருந்தது. சில நாள் கழித்து இளசு ஒன்று, இளைத்துக் களைத்து, தனியாக வந்து இறங்கியது. அதற்கும் கரண்டிமூக்கு! அந்தக் குலத்தில் பெரியவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் தாங்களே வழி கண்டு வரும். வந்தது தன் பிள்ளையா, அடுத்தவர் பிள்ளையா என்று அந்த அப்பனுக்கே தெரியாது. தெரிந்து என்ன ஆகவேண்டும்? இனத்தில் ஒன்று கூடியிருக்கிறது!

இளசு திட்டின் ஓரத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி, சொக்கிச் சொக்கி விழித்தது. பவளக்காலி அதன் பக்கத்தில் வந்து தானும் திரும்பி நின்றது. அதன் இறகெல்லாம் கலைந்து பறந்தது.

“நீ தூங்குடா. பின்னால நான் பார்த்துக்கிறேன்!”

சிறியவன், தனியன் என்று ஒருவனை விரட்டும் கூட்டம், தன் முதுகைக் காத்த கண்ணையே விரட்டுகிறது.