இலக்கியா கொண்டுவந்த பரங்கிக்காய்

வைத்தியலிங்கத்துக்கு ஒரு குரு இருந்தார். வயதில் அவருக்குத் தங்கை முறை. பெயர் மெகருன்னிசா. கொள்ளிடக்கரையில் ஒரு சிற்றூர், அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அதற்குத் தலைமையாசிரியை. அந்தப் பள்ளிக்கு ஆசிரியர்களே இரண்டு பேர்தான். மற்றவர் வைத்தியலிங்கம்.

பாதி ஆயுளை ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போட்டே கழித்தவர் அவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்ததையே மறந்து போயிருந்த காலத்தில் ஆணை வந்தது. காதோரம் நரைத்த பிறகு கரும்பலகை முன்னால் போய் நின்றார். எல்லாம் டீச்சரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். டீச்சர் எதையும் விளக்கிச் சொல்வதில்லை. செய்வார். இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

பரங்கிக்காய்ப் பாடமும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"ஒரு காயை வச்சு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது டீச்சர்?"

"காயைக் கொண்டாரச் சொல்லுங்க சார். அப்புறம் பாப்போம்."

மூன்றாம் வகுப்பு இலக்கியா கொண்டுவந்தாள். அவள் வீட்டுக் கூரையில் படர்ந்த கொடியில் காய்த்தது. இடுப்பில் தம்பியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். காம்புக்குப் பக்கத்தில் ஆணியால் 'இ' என்று கீறியிருந்தாள்.

"எதுக்கும்மா இது?"

"யாரும் மாத்திடக் கூடாதுல்ல சார்."

அந்த வாரம் முழுக்க வகுப்பில் அந்தக் காய்தான். நூலைச் சுற்றி அதன் இடுப்பை அளந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வரிகளை விரலால் எண்ணினார்கள். வெள்ளிக்கிழமை பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, மிதக்குமா, மூழ்குமா என்று வைத்தியலிங்கம் கேட்டார். இம்மாம் பெருசு முழுகிடும் என்று எல்லாரும் கத்தினார்கள். காய் மிதந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. இலக்கியா கை தட்டிக் குதித்ததில் பாவாடையெல்லாம் நனைந்துபோனது.

திங்கட்கிழமை காயை அறுத்து விதையை எண்ணுவதாக இருந்தது.

சனிக்கிழமை இலக்கியாவுக்குக் காய்ச்சல். மறுநாள் வலிப்பு வந்தது. திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. ஆற்றோரத் திடலில் புதைத்தார்கள். அங்கே பெண்கள் போகிற வழக்கம் இல்லை. அவள் அம்மா தமயந்தியைத் தெருமுனையிலேயே நாலு பேர் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வைத்தியலிங்கம் ஆண்களோடு போனார். ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு வந்தார்.

துக்க விடுமுறை முடிந்து பள்ளி மறுபடி திறந்தது. காய் ஜன்னலோரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அறுக்கலாம் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

இலக்கியாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் பவதாரணி. அவள்தான் கேட்டாள்.

"சார், இலக்கியா இப்ப என்ன செய்யிறா?"

வைத்தியலிங்கம் அவள் தலையைத் தடவினார்.

"சாமிகிட்டத் தூங்கிட்டிருக்காம்மா."

நாலைந்து நாளில் காயின் அடிப்பக்கம் கன்றிப்போனது. தொட்டால் விரல் உள்ளே இறங்கியது. ஒரு சின்ன ஈ அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. வைத்தியலிங்கத்தால் பார்க்க முடியவில்லை. சந்தைக்குப் போய் அதே நிறத்தில், அதே பருமனில் ஒரு பரங்கிக்காய் தேடி வாங்கினார். பிள்ளைகள் வருமுன் பழையதைத் தூக்கிக் கொல்லைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டுப் புதியதை ஜன்னலோரம் வைத்தார்.

"டேய், காய் நல்லாயிடுச்சுடா!" என்று ஒருவன் கத்தினான். வகுப்பே எழுந்து ஓடியது. அன்றைக்குத்தான் அந்த அறையில் திரும்பச் சிரிப்புச் சத்தம் கேட்டது. வைத்தியலிங்கத்துக்கு நெஞ்சு லேசானது.

பவதாரணி மட்டும் சிரிக்கவில்லை. காயைத் திருப்பினாள். காம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"சார், இது இலக்கியா காய் இல்ல."

"அதாம்மா இது."

"இல்ல சார். 'இ' இல்ல."

"அழிஞ்சிருக்கும்."

"ஆணியால கீறினது எப்படி சார் அழியும்?"

வைத்தியலிங்கம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. கோபம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது.

"அப்ப அவ தூங்கிட்டிருக்கான்னு சொன்னீங்களே, அது?"

அவர் திரும்பவில்லை. திரும்பினால் எத்தனை கண்கள் தன் முகத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

சத்துணவு மணி அடித்ததும் டீச்சரிடம் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் டீச்சர்."

டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடி வைத்தார்.

"இத்துனூண்டு பிள்ளைங்க. அதுங்ககிட்ட எவ்வளவு உண்மையைத்தான் சொல்றது?"

"பழைய காய் எங்க சார்?"

"குப்பைக்குழியில."

டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனார். குழியில் இறங்கினார். இரண்டு கையையும் அடியில் கொடுத்துக் காயை எடுத்தார். அது நசுங்கி, மஞ்சள் நீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. வைத்தியலிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டார். டீச்சர் பொத்திக்கொள்ளவில்லை.

வகுப்பறையின் மூலையில் ஒரு பழைய கண்ணாடி மீன்தொட்டி சும்மா கிடந்தது. அதில் காயை வைத்து, 'இ' வெளியே தெரிகிற மாதிரி திருப்பினார். மேலே ஒரு கண்ணாடியை வைத்து மூடி, தொட்டியை வகுப்பின் நடுவில் வைத்தார். புதுக் காயைச் சமையல்கார அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். அது சாம்பாருக்குப் போய்ச் சேர்ந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தார்.

"இதுதான் இலக்கியா கொண்டுவந்த காய். கெட்டுப் போச்சு. இன்னும் கெடும். பாக்கணும்னு தோணுறவங்க பாக்கலாம். தோணாதவங்க என் அறையில வந்து உக்காரலாம்."

இரண்டு பேர் எழுந்து போனார்கள். மறுநாள் அதில் ஒரு பிள்ளை திரும்பி வந்தது.

அதற்கப்புறம் தினமும் காலையில் முதல் வேலை அதுதான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள். பார்த்ததை வரைவார்கள். நாளைக்கு எப்படி இருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முதலில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. பிறகு அது சாம்பல் நிறமாகி, கறுத்தது. புழு வந்தது. தோல் சுருங்கி உள்ளே விழுந்தது. அளந்த நூல் இப்போது தளர்ந்து தொங்கும் என்று ஒரு பையன் சொன்னான். பவதாரணி யாரோடும் பேசாமல் தொட்டிக்கு மிக அருகில் உட்கார்ந்து வரைந்தாள். அவள் வரைந்ததில் புழு ஒவ்வொன்றும் இருந்தது.

வைத்தியலிங்கம் தள்ளியே நின்றார். ஏதாவது கேட்டால் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

ஊருக்குள் பேச்சு கிளம்பியது. செத்த பிள்ளை கொடுத்த காயைப் பள்ளிக்கூடத்தில் வைத்து நாற விடுகிறார்களாம் என்றார்கள். இரண்டு வீட்டில் பிள்ளைகளை அனுப்பவில்லை. பேச்சு தமயந்தி காதுக்கும் போனது.

ஒரு முற்பகல் அவள் பள்ளி வாசலில் வந்து நின்றாள். தலை வாரியிருக்கவில்லை. வைத்தியலிங்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவசரமாகத் தொட்டி மேல் போட்டார்.

டீச்சர் அடுத்த அறையிலிருந்து வந்தார்.

"துண்டை எடுங்க சார்."

"பெத்தவங்க டீச்சர். எப்படித் தாங்குவாங்க?"

டீச்சர் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வைத்தியலிங்கம் எடுத்துவிட்டார்.

தமயந்தி உள்ளே வந்தாள். பிள்ளைகள் வழிவிட்டார்கள். தொட்டிக்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, கறுப்பா?" என்று கேட்டாள், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

பவதாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது பூஞ்சை அத்தை. மொதல்ல வெள்ளையாத்தான் வந்துச்சு."

"புழு வந்துச்சா?"

"வந்துச்சு. இப்பக் கொறைஞ்சிடுச்சு."

"அப்புறம் என்னாவும்?"

"சின்னதாவும் அத்தை. தினம் கொஞ்சம் சின்னதாவுது."

"அவ எழுதியிருந்தாளாமே?"

"இந்த எடத்துல. போன வாரம் வரைக்கும் நல்லாத் தெரிஞ்சிச்சு."

தமயந்தி அந்த இடத்தில் கண்ணாடியின் மேல் விரலை வைத்தாள். வைத்தது வைத்தபடி இருக்க, வைத்தியலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அங்க போயிருந்தீங்கள்ல சார்?"

"போயிருந்தேம்மா."

"என்னைய விடல. கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. மறந்துடு, மறந்துடுங்கிறாங்க. ஆழமா வெட்டினாங்களா?"

வைத்தியலிங்கம் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டுனவர் இடுப்புக்கு மேல இருந்துச்சு."

"நாய் கிளறாதுல்ல?"

"முள்ளு வெட்டிப் போட்டிருக்கு. மேல கல்லும் வச்சிருக்கு."

"எந்தப் பக்கம் தலை?"

"தெக்க."

"பாவாடை?"

"பச்சைப் பாவாடைதாம்மா. புதுத் துணி மேல சுத்தியிருந்துச்சு."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். கேட்டுக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறவள் போல இருந்தது. பிறகு மறுபடியும் தொட்டியைப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிற வெதை மொளைக்குமா சார்?"

மொளைக்கும் என்ற சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். பிளந்த இடத்தில் விதைகள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"தெரியலம்மா. அதுவும் அழுகிக்கிட்டுதான் வருது."

தமயந்தி முகத்தில் எதுவோ உடைந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. பவதாரணி நகர்ந்து போய் அவள் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"நாளைக்கும் வரலாமா சார்?"

பதிலுக்குக் காத்திராமல் வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

பள்ளி விட்ட பிறகு வைத்தியலிங்கம் சிவந்த கண்ணோடு டீச்சரிடம் போனார்.

"நாளைக்கும் வரலாமான்னு கேட்டாங்க டீச்சர்."

"உம்."

"நான் உள்ளதையெல்லாம் சொல்லிட்டேன். ஒண்ணையும் மறைக்கல. ஆனா அவங்க அழுதுக்கிட்டுத்தான் போனாங்க. நாளைக்கு வந்தா நான் என்ன சொல்லட்டும்?"

மெகருன்னிசா டீச்சர் அறைக்கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினார்.

"இன்னிக்கு வெறுந்தரையில உக்காந்தாங்க சார். நாளைக்கு ஒரு பாய் விரிச்சு வைங்க."