பிரமு அம்மாள் காதுக்கு அச்சு எடுத்த கதை

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்து நான்கு. உலக வழக்குக்கு இது தலைகீழ்தான். ஆனால் தெரியாதவர் தெரிந்தவரிடம் போய் நிற்பதற்கு வயது வரிசை பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் காரியம் நடக்கும்?

குருவின் பெயர் ரஹ்மத். மேலப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், காது மந்தமானவர்கள் காதுக்குள் வைக்கும் மெஷினுக்கு ஓடு செய்து கொடுக்கும் பெண். இந்த உலகத்தில் எந்தக் காதும் இன்னொரு காதைப் போல வளைந்திருப்பதில்லை. அதனால் காதுக்குள், காய்ந்தால் ரப்பராக இறுகும் மாவைச் செலுத்தி அச்செடுத்து, அந்த அச்சின்படி ஓடு வார்த்து, மெஷினை அதற்குள் அடக்கித் தருவார். அவர் செய்த ஓடு காதில் இருப்பதே மறந்துபோகும் என்று ஊரில் பேச்சு.

சீடர் குற்றாலிங்கம். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், கடைசிப் பன்னிரண்டு வருடம் தலைமையாசிரியர். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் ஆறாம் வகுப்பு மின்விசிறிகூடச் சத்தம் போடாமல் சுற்றும் என்பார்கள்.

அவர் மனைவி பிரமநாயகிக்கு, தெருக்காரர்கள் வாயில் பிரமு அம்மாளுக்கு, இரண்டு வருடமாகக் காது மந்தம். குற்றாலிங்கம் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தார். எல்லாக் காதுக்கும் பொதுவாக ரப்பர் முனை வைத்த மெஷின். அது ஒரு நாள் சாம்பாரில் விழுந்தது. ஒரு நாள் பஸ்ஸில் விழுந்தது, கண்டக்டர் தேடி எடுத்துக் கொடுத்தார். இன்னொரு நாள் முற்றத்தில் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக் கோழி கொத்திக்கொண்டு ஓடியது.

கோழியிடமிருந்து மீட்ட அன்றைக்கு அம்மாள் அதைக் கழுவித் துடைத்துக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தவர்தான், மறுபடி தொடவில்லை. வாசலில் நின்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திப் பேசுகிற மனுஷி, யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார். பதில் காதில் விழாது என்றால் எதற்குப் பேச்சைத் தொடங்க வேண்டும்? வீடு அமைதியாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க அமைதி, அமைதி என்று மேஜையைத் தட்டிய குற்றாலிங்கத்துக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. பயமாக இருந்தது.

ரஹ்மத்திடம் போனார்.

"அம்மாவக் கூட்டிட்டு வாங்க சார். செஞ்சு தாரேன்."

"வேண்டாம். எனக்குக் கத்துக் குடுங்க. அவ காதுக்கு நானே செய்யணும்."

"ஏன் சார்?"

"நீங்க செஞ்சு அதுவும் விழுந்துட்டுன்னா அவ தொடவே மாட்டா. நான் செஞ்சதுன்னா, விழுந்தாலும் என்னைய ஏசிக்கிட்டாவது எடுத்துப் போடுவா."

ரஹ்மத் சிரித்தார். "நாளைக்கு வாங்க."

மறுநாளிலிருந்து குற்றாலிங்கம் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார். முதல் மாதம் ஓடுகளைக் கழுவினார். இரண்டாவது மாதம் ஓரம் குத்தாமல் இருக்கத் தேய்த்து வழவழப்பாக்கினார். மூன்றாவது மாதம் அச்செடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை.

முறையெல்லாம் சரிதான். முதலில் டார்ச் அடித்துக் காதைப் பார்ப்பது, நூல் கட்டிய பஞ்சை உள்ளே அணைகட்டி வைப்பது, இரண்டு டப்பா மாவைச் சரிக்குச் சரி பிசைந்து ஊசி இல்லாத சிரிஞ்சால் செலுத்துவது, காயும்வரை ஐந்து நிமிஷம் பொறுப்பது. ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் அறை சந்தைக்கடையாக இருந்தது. ரஹ்மத் வந்தவர் வாயில் கடலை மிட்டாயைத் திணிப்பார், மகள் கல்யாணம் என்னாச்சு என்பார், அவர்களும் மென்றுகொண்டே ஊர்க்கதை அளப்பார்கள். எடுத்த அச்சில் அங்கங்கே மேடும் மடிப்பும் இருக்கும்.

தொழில் தெரிந்த பெண்தான், வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று குற்றாலிங்கம் மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

முதன்முதலாக அவர் கையில் வந்து சிக்கியவர் சுயம்பு. வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவுகிறவர்.

"வாய மூடுங்க. அசையக் கூடாது. எச்சில் முழுங்கக் கூடாது."

"இருமல் வந்தா சார்?"

"அஞ்சு நிமிஷம் கழிச்சு வரச் சொல்லுங்க."

சுயம்பு பரீட்சைக்கு வந்த பையனைப் போல உட்கார்ந்திருந்தார். அச்சு வெளியே வந்தபோது ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. ரஹ்மத் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். குற்றாலிங்கம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, அச்சின் பெருமையைத் தாமே கால்மணி நேரம் விளக்கினார்.

"அழகா இருக்கு சார்" என்றார் ரஹ்மத், அவர் முடித்த பிறகு.

நாலாம் நாள் சுயம்பு மெஷினைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு படியேறி வந்தார்.

"சும்மா உக்காந்திருந்தா ஆணி அடிச்ச மாதிரி நிக்கி சார். ஏலம் கூவ ஆரம்பிச்சா துள்ளிட்டு வருது. நேத்து கேரளா போற லாரியில ஏறப் பாத்துச்சு. தாரு தாரா ஒதறித் தேடுனோம்."

"நீங்க ரொம்பக் கத்துதீங்க. மெதுவா ஏலம் விடக் கூடாதா?"

"மெதுவா ஏலம் விட்டா தாரு பழுத்து அழுகிரும் சார்."

ரஹ்மத் ஏதோ சொல்ல வந்தார். குற்றாலிங்கம் மறுபடி கையைக் காட்டினார். ரஹ்மத் சுயம்புவை வேறு நாற்காலியில் உட்காரவைத்துப் புதிதாக மாவு செலுத்தினார். "இந்தக் கடைய ஏலம் விடுங்க அண்ணாச்சி" என்றார். சுயம்பு மின்விசிறியை ஏலம் விட்டார். நாற்காலியை விட்டார். சுவர்க்கடிகாரத்தை விட்டார். கடைசியில் குற்றாலிங்கத்தையும் கைகாட்டி ஏலம் விட்டார், கேட்கத்தான் ஆள் இல்லை. புது ஓடு போட்டுக்கொண்டு போனவர் அப்புறம் திரும்பி வரவே இல்லை.

இதைக் கண்ணால் பார்த்தும் குற்றாலிங்கத்துக்கு உறைக்கவில்லை. ஏலக்காரர் தொழில் அப்படி, கூவ வேண்டியவர், அதற்கு இது சரி. வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சமாதானம் செய்துகொண்டார். படித்தவர்களுக்குச் சமாதானம் கிடைப்பது எப்போதுமே சுலபம்.

அடுத்த வாரம் பிரமு அம்மாளைக் கூட்டி வந்தார்.

"நான் எடுக்கட்டுமா சார்?"

"வேண்டாம் டீச்சர். நானே."

அம்மாளிடம் வாயை மூடு என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அச்சு கோயில் சிலை மாதிரி வந்தது. அதில் ஓடு வார்த்து, மூன்று நாள் தேய்த்து, தம் கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்து, எங்கும் குத்தவில்லை என்று திருப்தியான பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவியை ஊஞ்சலில் உட்காரவைத்து மெஷினைப் பொருத்தினார். எதிரே நாற்காலி போட்டுப் பேப்பரை எடுத்து வாசித்தார். முதல் பக்கம் முடிந்தது. மெஷின் அசையவில்லை. தலையங்கம் முடிந்தது. அசையவில்லை. தாமிரபரணியில் தண்ணீர் திறப்பு, மாநகராட்சிக் கூட்டம், சிங்கப்பூரில் நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதுவரை வாசித்தாயிற்று.

"கேக்கா?"

தலையாட்டினார்.

"வலிக்கா?"

இல்லை என்று தலையாட்டினார். குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏங்க, நம்ம மூத்தவ..." என்று பிரமு அம்மாள் தொடங்கினார்.

மெஷின் கீ என்று கத்திக்கொண்டு மடியில் விழுந்தது.

எடுத்துப் பொருத்தினார். அவர் பேசினால் நின்றது. அம்மாள் வாயைத் திறந்தால் விழுந்தது. மூன்று தடவை ஆயிற்று. நான்காவது தடவை அம்மாளே அதைப் பிடித்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க பேசும்போது நல்லா நிக்குதுங்க. நான் பேசினாத்தான் விழுது. உங்களுக்குத் தோதா செஞ்சிருக்கீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்பையும் சிரித்துவிட்டுத்தான் போனார், தெருவில் மற்றவர்களிடம் சிரிக்கிறாரே, அதை. அதுதான் குற்றாலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் மாடிப்படி ஏறினார்.

"டீச்சர், என் அச்சுல என்ன தப்பு? ஒரு மடிப்பு கெடையாது. ஒரு சுருக்கம் கெடையாது. அப்புறம் ஏன் விழுது?"

ரஹ்மத் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தார்.

"சுண்டு விரலக் காதுல வைங்க சார்."

வைத்தார்.

"வாய மூடிட்டு இருங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"இப்ப அம்மா பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

"பிரமு."

விரலைக் காது தள்ளியது. குற்றாலிங்கம் விழித்தார்.

"பிரமு... பிரமு..."

தாடை இறங்கும்போது காதின் சுவர் விலகியது, ஏறும்போது நெருக்கியது. அவர் நம்பாமல் மறுபடி மறுபடி கூப்பிட்டார். கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"காது அசையுதே டீச்சர்!"

"பேசினா அசையும் சார். தின்னா அசையும். சிரிச்சா இன்னும் கூட அசையும். அசையாத காதுக்கு நீங்க அச்செடுத்தீங்க."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொல்ல வாயத் திறந்தப்பல்லாம் நீங்க கையக் காட்டினீங்களே சார்."

குற்றாலிங்கம் சட்டைப் பொத்தானைச் சரி செய்தார். வேறு என்ன செய்வது?

மறுநாள் பிரமு அம்மாளை மறுபடி கூட்டி வந்தார். அதற்கு அவர் பட்ட பாடு தனிக்கதை. ரஹ்மத் இந்தத் தடவை இரண்டு காதுக்கும் சேர்த்து மாவு பிசைந்தார். செலுத்துவதற்கு முன்னால் அம்மாளின் காதோரம் குனிந்து உரக்கச் சொன்னார்.

"அம்மா, மாவு காயுத வரைக்கும் நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். அஞ்சு நிமிஷம்."

"என்னத்தப் பேச?"

"வாயில வந்தத."

அம்மாள் வழக்கம்போல் கணவர் முகத்தைப் பார்த்தார். ரஹ்மத்தும் அவர் முகத்தைப் பார்த்தார். குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார்.

கத்தரிக்காயில் ஆரம்பித்தது. இப்போதெல்லாம் கத்தரிக்காயில் ருசியே இல்லை. அதிலிருந்து எதிர்வீட்டுக்காரிக்குப் போய், அங்கிருந்து குற்றாலத்துக்குப் போயிற்று. "தொண்ணூத்திரண்டுல சீசனுக்குப் போனப்ப..."

"தொண்ணூத்தி மூணு" என்றார் குற்றாலிங்கம்.

இரண்டு காதும் மாவால் அடைத்திருந்தது. அம்மாளுக்கு ஒன்றும் விழவில்லை. தொண்ணூற்றிரண்டிலேயே குளித்து, தொண்ணூற்றிரண்டிலேயே ஈரத்துணியோடு வீடு வந்து சேர்ந்தார். இன்னும் இரண்டு இடத்தில் திருத்திப் பார்த்தார் குற்றாலிங்கம். பிறகு விட்டுவிட்டார். தம் குரல் தமக்குக் கேட்காததால் அம்மாள் உச்சத்தில் பேசினார், மாடி முழுக்க அதிர்ந்தது.

"இவங்க பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலைவலிம்பாங்க. பாவம், எத்தன பிள்ளைகளக் கட்டி மேய்ச்சிட்டு வாராங்க. சரி, பெறகு சொல்லிக்கிடலாம்னு வெச்சிருவேன். மறுநாளும் தலைவலிம்பாங்க. அதையும் வெச்சிருவேன். வெச்சதெல்லாம் அப்படியே கெடக்குல்லா. மூத்தவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரி ஒண்ணு சொன்னா. அன்னைக்குச் சாயங்காலமே இவங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். இன்னும் சொல்லல. மூத்தவளுக்கு முப்பத்தாறு முடிஞ்சிட்டு..."

சொல்லிவிட்டு அம்மாள் அதைச் சொல்லத் தொடங்கினார். நடுநடுவே அவருக்கே சிரிப்பு வந்தது. கன்னம் ஏறி இறங்கியது. குற்றாலிங்கம் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. அவருக்கு வேர்த்தது. உட்கார்ந்தார், எழுந்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மெதுவாக ரஹ்மத் பக்கத்தில் போய் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், இருபது நிமிஷம் ஆயிட்டே. மாவு இன்னுமா காயல?"

"மாவு அப்பவே காஞ்சாச்சு சார். அம்மா இன்னும் முடிக்கல."