அண்ணாச்சி கையில் எடுத்தது

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் தங்கப்பழம் அண்ணாச்சிக்கு மலிவு என்ற சொல்லே ஆகாது. ரேடியோ ரிப்பேர் பழக ஆரம்பித்திருந்த இசக்கியம்மாள் ஒரு பழைய ரேடியோவோடு அவரிடமே போய், வயர் ஒட்ட விலை குறைந்த சால்டரிங் அயர்ன் கேட்டாள்.

"அதெல்லாம் வெறும் புகைதான் விடும், சாம்பிராணி போடத்தான் லாயக்கு, தாயி. புதுசா பழகுறவங்களுக்கு சூட்டைக் காட்டுற இந்த டிஸ்ப்ளே வச்ச மிஷின்தான் சரி" என்று பெரிய பெட்டியைத் தூக்கி வைத்தார்.

"சரி அண்ணாச்சி. முதல்ல இந்த ரேடியோவுல அந்துபோன வயரை ஒட்டிக் காட்டுங்க. பாத்துக்கிடுதேன்."

வியாபாரம் படிந்த குஷியில், பெட்டியைப் புகழ்ந்துகொண்டே மேசைக்கடியிலிருந்து கரிபிடித்த அயர்ன் ஒன்றை எடுத்துச் சூடாக்கி, வயரை ஒட்டினார்.

"இது என்ன அயர்ன், அண்ணாச்சி?"

"இதுவா? சாதா இருபத்தஞ்சு வாட்ஸ். வருஷக்கணக்கா இதுலதான் நான்..."

"அதுலயே புதுசா ஒண்ணு குடுங்க. எங்க வீட்டுலயும் சாம்பிராணி போடணும்லா!"